குதிரைக்கும் வீட்டுக்கும் ஒரே தொட்டி: எதைக் குறைப்பது?

கொறங்காட்டான் | 20 ஏப்ரல் 2024, இரவு 9:40

தயங்கித் தயங்கி இன்று எழுதுகிறேன். காங்கேயத்துக்குக் கிழக்கே ஒரு சிற்றூர். வீட்டில் ஐந்து பேர். லாயத்தில் இரண்டு உருப்படிகள்: ஏழு மாதச் சினையோடு ஒரு கத்தியவாரி இனப் பெண்குதிரை, பிள்ளைகள் ஏறுவதற்கென்று ஒரு நாட்டு மட்டக்குதிரை.

போர்வெல் 900 அடி. சென்ற கோடையில் இரண்டு மணி நேரம் ஓடிய மோட்டார் இப்போது கால் மணி நேரத்தில் காற்றை இழுக்கிறது. ஒரு நாளைக்கு 300 லிட்டர் கிடைத்தால் பெரிது. மீதிக்கு டிராக்டர் தண்ணீர்தான். 5,000 லிட்டர் டேங்கர் ஒன்று நான்கு நாளில் தீர்ந்துவிடுகிறது.

நேற்று ஓட்டுப் போட வரிசையில் நின்றபோது, எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண்மணி பக்கத்தில் இருந்தவரிடம் என் காதில் விழும்படியே சொன்னார்: "இங்கே குடத்துக்கே வழியில்லை, சில வீடுகளில் குதிரை குளிக்கிறது." திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. காலையில்தான் இரண்டையும் குளிப்பாட்டிவிட்டு வந்திருந்தேன்.

கேள்வி இதுதான். குதிரைகளின் குடிதண்ணீரை எவ்வளவு குறைக்கலாம்? மூன்று வேளை காட்டுவதை இரண்டு வேளையாக்கு என்கிறார் அப்பா. இரண்டையும் விற்றுவிடு என்கிறார் மனைவி. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அந்தியூர்ச் சந்தை | 20 ஏப்ரல் 2024, இரவு 10:15

குடிதண்ணீரில் கை வைக்காதீர்கள். மற்றது எல்லாம் பிறகு.

கால்நடை மருத்துவன் | 21 ஏப்ரல் 2024, காலை 6:05

அந்தியூர் ஐயா ஒரே வரியில் முடித்துவிட்டார். அதற்குக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்கள் அப்பா ஒப்புக்கொள்ள மாட்டார்.

குளிர்ந்த நாளில் சும்மா நிற்கும் குதிரைக்கே 100 கிலோ உடல் எடைக்கு ஏறக்குறைய 5 லிட்டர் வேண்டும். வெயிலும் வேலையும் சேர்ந்தால் அது இரண்டு மடங்காகும். உங்கள் பெண்குதிரை 350 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொண்டால், இப்போதைய வெயிலில் 35 லிட்டரை எளிதாகக் குடிக்கும். மட்டக்குதிரை 20 லிட்டருக்கு மேல் குடிக்கும். இது தீவனத்தைப் பொறுத்தும் மாறும். பசும்புல்லில் முக்கால் பங்கு தண்ணீர். புல் மேயும் குதிரை தொட்டிப் பக்கம் அதிகம் வராது. சோளத்தட்டும் கொள்ளும் மட்டும் தின்கிற குதிரையோ, தின்கிற ஒவ்வொரு கிலோ காய்ந்த தீவனத்துக்கும் 2 முதல் 4 லிட்டர் வரை கேட்கும். வறட்சியின் கொடுமையே இதுதான்: புல் காய்கிற அதே மாதத்தில்தான் குதிரைக்குத் தண்ணீர் கூடுதலாக வேண்டியிருக்கிறது.

குறைத்தால் என்ன ஆகும்? பெருங்குடலில் தீவனம் இறுகி அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், முன்னங்காலால் தரையைத் தோண்டும், படுத்துப் புரளும். கோடையில் இரவு பதினொரு மணிக்கு எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். நீங்கள் மிச்சம் பிடித்த பத்து லிட்டருக்குப் பதிலாக அன்று சிரையில் ஏற்ற வேண்டிய திரவமே பல பாட்டில் ஆகும்.

தினமும் மூன்றைப் பாருங்கள். லத்தி உருண்டை சிறுத்து, காய்ந்து, எண்ணிக்கை குறைந்தால் தண்ணீர் போதவில்லை. ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். தோள் அருகே தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும்.

இன்னொன்று. சீமைக் கருவேலங்காய் இப்போது உதிரும் பருவம். பசியிலும் இனிப்பிலும் குதிரை அதை வாரித் தின்னும். தண்ணீரும் குறைவு, வயிற்றில் கருவேலங்காயும் நிறைவு என்றால் அடைப்பு உறுதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கட்டும் இடத்தைச் சுற்றிப் பெருக்கிவிடுங்கள்.

கொறங்காட்டான் | 21 ஏப்ரல் 2024, காலை 7:30

நன்றி ஐயா. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அந்தக் காலத்தில் குதிரை வண்டிக்காரன் என்ன லிட்டர் கணக்கா பார்த்தான்?" என்றார். ஆனால் மூன்று வேளை என்பதில் இறங்கிவந்துவிட்டார்.

அப்படியானால் எங்கே குறைப்பது? வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள், அம்மாவுக்கு மூட்டு வலி, அவர்களிடம் போய் எப்படிக் கறார் பேசுவது?

அந்தியூர்ச் சந்தை | 21 ஏப்ரல் 2024, காலை 8:02

கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள் தம்பி. குதிரையைக் குழாய் வைத்துத்தானே குளிப்பாட்டுகிறீர்கள்? லாயத்துத் தரையையும் அதே குழாயால்தானே அடித்து விடுகிறீர்கள்? தொட்டியில் மிஞ்சியதை மாலையில் கவிழ்த்துவிடுகிறீர்கள் அல்லவா?

கொறங்காட்டான் | 21 ஏப்ரல் 2024, காலை 8:10

மூன்றும் உண்மை.

அந்தியூர்ச் சந்தை | 21 ஏப்ரல் 2024, காலை 8:26

அளந்து வாருங்கள். ஊகம் வேண்டாம். குடத்தைக் குழாயின் கீழே வைத்து, அது நிரம்ப எத்தனை நொடி என்று பார்த்துவிட்டு, பிறகு உங்கள் வேலைகளுக்கு எத்தனை நிமிடம் குழாய் திறந்திருக்கிறது என்று கணக்கிடுங்கள். மூன்று நாள் எழுதி வைத்துவிட்டு இங்கே வந்து போடுங்கள். அதுவரை நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

காலிக்குடம் | 22 ஏப்ரல் 2024, மாலை 4:48

நான் குதிரை வளர்ப்பவள் அல்ல. என் தம்பி இந்தக் குழுவில் இருக்கிறான், அவன் கைபேசியில் படித்தேன். எனக்கும் கணக்கு தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. எங்கள் தெருவுக்கு ஆறு நாளுக்கு ஒரு முறை, முக்கால் மணி நேரம் தண்ணீர் வருகிறது. அந்த நேரத்தில் பிடிப்பதுதான் எங்கள் வீட்டு நான்கு பேருக்கும் ஆறு நாளுக்கு. குடத்தை எண்ணிப் பார்த்தால் 55 என்பது காகிதத்தில் இருக்கிற எண். குழாய் வரும் நாளன்று நான் வேலைக்குப் போவதில்லை, அன்றைய கூலியும் போகும்.

ஓட்டு வரிசையில் உங்கள் பின்னால் நின்ற பெண் நான் இல்லை. ஆனால் நானாக இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். பெங்களூரில் சென்ற மாதம் குடிநீரில் காரைக் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். காருக்கு ஒரு சட்டம், குதிரைக்கு இல்லையா? யானையைக் கட்டித் தீனி போடுகிற கதையாக இந்தக் காலத்தில் குதிரை எதற்கு என்றே எனக்குப் புரியவில்லை.

புரவி நேசன் | 22 ஏப்ரல் 2024, மாலை 5:20

மாடு வைத்திருப்பவனிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்பீர்களா? பொறாமை என்பதைத் தவிர (மீதிப் பகுதி மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது)

மட்டுறுத்துநர் | 22 ஏப்ரல் 2024, மாலை 5:41

நேசன், அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. பதில் இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் படியுங்கள்.

அந்தியூர்ச் சந்தை | 22 ஏப்ரல் 2024, இரவு 8:00

அம்மா, நீங்கள் சொன்னதில் பாதி சரி. குதிரை எதற்கு என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. என் தாத்தா வைத்திருந்தார், நான் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஊர் எல்லையில் ஐயனார் வைத்திருக்கும் குதிரை மட்டும்தான் தண்ணீர் கேட்காதது. ஆனால் கொட்டிலில் கட்டிவிட்ட உயிருக்குக் குடிக்கக் கொடுக்காமல் இருக்க முடியாது. விற்றுவிடு என்பார்கள். வறட்சியில் யார் வாங்குவார்கள்? வாங்குகிறவன் வீட்டிலும் அது தண்ணீர்தானே குடிக்கும்? 2017 தொடக்கத்தில், வடகிழக்குப் பருவமழை பொய்த்து எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டம் என்று அறிவித்தார்களே, அந்த ஆண்டு நான் ஒரு நல்ல குதிரையை அடிமாட்டு விலைக்கு விற்றேன். இன்னும் கண்ணில் நிற்கிறது.

குளிப்பாட்டுவது வேறு. அதில் நீங்கள் சொல்வதற்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்.

ரிவர்சைடு ராசு | 23 ஏப்ரல் 2024, காலை 9:15

கலிபோர்னியாவின் ரிவர்சைடிலிருந்து எழுதுகிறேன். சொந்த ஊர் தாராபுரம். வார இறுதிகளில் பக்கத்து நகரமான நார்கோ என்ற ஊரில் ஒரு லாயத்தில் கைவேலை செய்து பழகியவன். நார்கோ குதிரைகளுக்கென்றே பெயர்பெற்ற ஊர். தெரு ஓரங்களில் நடைபாதைக்குப் பதிலாகக் குதிரைத் தடம் போட்டிருப்பார்கள். 2012 முதல் 2016 வரை இங்கே கடும் வறட்சி. 2015 ஏப்ரல் 1ஆம் தேதி ஆளுநர் ஜெர்ரி பிரவுன், பனி மூடிக் கிடக்க வேண்டிய மலைப் புல்வெளியில் காய்ந்த புல்மேல் நின்றுகொண்டு, நகரங்கள் தண்ணீர்ப் பயன்பாட்டை 25 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டே, முனையில் திறந்து மூடும் அமைப்பு இல்லாத குழாயால் வண்டி கழுவக்கூடாது, வாசல் சிமெண்டைத் தண்ணீரடித்துக் கழுவக்கூடாது, மீறினால் நாளொன்றுக்கு 500 டாலர் வரை அபராதம் என்று விதி வந்துவிட்டது.

அங்கே நான் பார்த்தவற்றில் உங்களுக்கு ஆகக்கூடியவை:

தானியங்கித் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழற்றிவிட்டு வாளிக்குத் திரும்பினார்கள். வாளியில் வைத்தால்தான் எந்தக் குதிரை எவ்வளவு குடித்தது என்று தெரியும். கசிவும் நின்றது, நோயும் முன்கூட்டித் தெரிந்தது.

குளிப்பாட்டியே ஆக வேண்டும் என்றால், குதிரையைத் தண்ணீர் வேண்டிய மரத்தடிக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டினார்கள். கேட்டால் சிரிப்பு வரும் அளவுக்குச் சின்ன விஷயம். ஆனால் சிமெண்டுத் தரையில் ஓடி வீணான தண்ணீர் அன்று முதல் எலுமிச்சை மரத்துக்குப் போனது. ஷாம்பூ போட்டால் மட்டும் இது ஆகாது.

சவாரித் திடலில் புழுதி அடங்கத் தெளிக்கும் தண்ணீர்தான் எல்லாவற்றையும் விழுங்கியது. அதை நிறுத்திவிட்டு, அதிகாலையில் மட்டும் ஓட்டினார்கள். உங்கள் ஊரில் யாராவது திடல் வைத்திருந்தால் அங்கே முதலில் பாருங்கள்.

மடிப்பாக்கத்து மாமி | 23 ஏப்ரல் 2024, மதியம் 2:30

எனக்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. சென்னையின் 2019 கோடையைப் பற்றித் தெரியும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஆண்டு அது. ஜூலை 12ஆம் தேதி முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தது; ஐம்பது வேகன், மொத்தம் 25 லட்சம் லிட்டர். தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு என் மாமியார் கும்பிட்டார்.

கொறங்காட்டான், வீட்டில் பெண் குழந்தைகளிடமும் அம்மாவிடமும் கறார் பேச வேண்டியதில்லை. யாரும் சிரமப்படாத இடங்களில் ஓடுகிற தண்ணீர் நிறைய இருக்கும். எங்கள் சலவை இயந்திரம் ஒரு தடவைக்கு எவ்வளவு வெளியேற்றுகிறது என்று வாளிகளை வரிசையாக வைத்துப் பிடித்தேன். 120 லிட்டர்! அதில் கடைசி அலசல் தண்ணீர் ஏறக்குறைய தெளிவாகவே இருந்தது. அன்றிலிருந்து அதுதான் கழிப்பறைக்கு. குடிநீர்ச் சுத்திகரிப்பான் ஒரு லிட்டர் கொடுக்க மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. குழாயை ஒரு வாளிக்குத் திருப்பினோம், பாத்திரம் தேய்க்க ஆயிற்று. பழைய கழிப்பறைத் தொட்டிக்குள் தண்ணீர் நிரப்பிய இரண்டு பாட்டிலை இறக்கினால் ஒவ்வொரு தடவையும் இரண்டு லிட்டர் மிச்சம்.

ஷவர் மட்டும் கழற்றப்பட்டது. அதற்கு மட்டும் சண்டை நடந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

கொறங்காட்டான் | 25 ஏப்ரல் 2024, இரவு 9:55

மூன்று நாள் அளந்துவிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

15 லிட்டர் குடம் 45 நொடியில் நிரம்புகிறது. அதாவது நிமிடத்துக்கு 20 லிட்டர். இரண்டு குதிரையையும் குளிப்பாட்டக் குழாய் 25 நிமிடம் திறந்திருக்கிறது: 500 லிட்டர். லாயம் கழுவ 12 நிமிடம்: 240. சிமெண்டுத் தொட்டி கொள்ளளவு 200. அதில் குதிரைகள் குடிப்பது 60, தினமும் கவிழ்ப்பது 140. வாசலில் இருக்கிற தென்னங்கன்றுகளுக்கு 100. வீட்டுக்குள் ஐந்து பேருக்கும் சேர்த்து 450. இவற்றைக் கூட்டினால் 1,490. ஆனால் தொட்டியிலிருந்து தினமும் குறைவது 1,550. மீதி 60 லிட்டர் எங்கே என்று தேடினால், மாடித் தொட்டியின் மிதவை வால்வு கெட்டு, பின்பக்கச் சுவர் வழியாக இரவெல்லாம் வடிந்துகொண்டிருக்கிறது. சுவரில் பாசி பிடித்திருந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறோம். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஆக, நான் குறைக்கலாமா என்று உங்களிடம் கேட்ட குடிதண்ணீர் மொத்தத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு. ஒழுகி வீணானதும் அதே அளவு.

காலிக்குடம் | 25 ஏப்ரல் 2024, இரவு 10:20

500 லிட்டர் என்பது ஒன்பது பேரின் ஒரு நாள் பங்கு. அதை எழுதி வைக்கும் நேர்மை உங்களுக்கு இருக்கிறது என்பதால் இத்துடன் நிறுத்துகிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த டிராக்டர் எந்தக் கிணற்றில் மொண்டு வருகிறது?

கொறங்காட்டான் | 25 ஏப்ரல் 2024, இரவு 10:31

கேட்டதில்லை. கேட்டுச் சொல்கிறேன்.

அந்தியூர்ச் சந்தை | 26 ஏப்ரல் 2024, காலை 5:50

இப்போது சொல்கிறேன். சிமெண்டுத் தொட்டியைக் கவிழ்த்து மூடிவிட்டு, குதிரைக்கு இரண்டு வாளி வீதம் நிழலில் வையுங்கள். குடித்துத் தீர்ந்ததும் நிரப்புங்கள். வாளியைத் தினமும் நார் போட்டுத் தேய்க்க இரண்டு லிட்டர் போதும். தண்ணீர் சுட்டாலும் நாற்றமடித்தாலும் குதிரை முகம் திருப்பிக்கொள்ளும், அது மாடு மாதிரி அல்ல.

தரையைக் கழுவாதீர்கள். லத்தியை அள்ளி, ஈரமான இடத்தில் மட்டும் உமியோ தேங்காய் நார்த் தூளோ போட்டுப் பெருக்கி எடுத்தால் வாடையே இருக்காது. சொல்லப்போனால் தினமும் ஈரமாக இருக்கும் தரையில் நின்றுதான் குளம்பு அழுகுகிறது. வாரம் ஒரு நாள் மாமி சொன்ன சலவைத் தண்ணீரை ஊற்றி வாருகோலால் தள்ளிவிடுங்கள், சோப்பு வாடை போக ஒரு வாளி நல்ல தண்ணீர்.

குளியலுக்குப் பதில் தேய்ப்பு. வைக்கோல் பிரியைச் சுருட்டி, முதுகிலிருந்து வயிறு வரை கை வலிக்கத் தேய்த்தால் தோல் மின்னும். ஆடித் திருவிழாவில் எங்கள் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்கு வரும் குதிரைகளுக்கு அந்தப் பளபளப்பு தேய்ப்பில் வருவதுதான். குருநாதசாமி கோயில் சந்தையில் நல்ல விலைக்குப் போன குதிரை ஒன்றுகூடத் தினமும் குளித்தது கிடையாது. வாயைச் சுற்றி, கண்ணைச் சுற்றி, வாலின் அடியில் ஈரத் துணி. அவ்வளவுதான். சேணம் போட்ட இடத்தில் உப்புப் பூத்திருந்தால் அங்கே மட்டும் ஒரு செம்பு.

மற்றபடி ஓடி வந்த குதிரைக்கு மூச்சு அடங்கும்வரை தண்ணீர் காட்டாதீர்கள்.

கால்நடை மருத்துவன் | 26 ஏப்ரல் 2024, காலை 7:12

பெரியவர் சொன்ன எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், கடைசி வரியைத் தவிர. வேர்த்து வந்த குதிரைக்கு உடனே தண்ணீர் கொடுத்தால் வயிற்று வலி வரும் என்பது பல நாடுகளிலும் இருந்த நம்பிக்கை. இன்றைய குதிரை மருத்துவம் அதை ஏற்பதில்லை. கடும் வெயிலில் நன்றாக ஓடும் குதிரை ஒரு மணி நேரத்தில் 10 லிட்டருக்கு மேல் வியர்வையாக இழக்கக்கூடும். தாகம் இருக்கும்போதே குடிக்க விட வேண்டும். காத்திருக்க வைத்தால் தாகம் அடங்கி, குடிக்காமலே நின்றுவிடும்.

உப்பு மறக்க வேண்டாம். உங்கள் பெண்குதிரைக்குத் தினமும் ஏறக்குறைய 20 கிராம் சாதா உப்பு, கொள்ளில் கலந்து. வேலை செய்து வியர்த்த நாளில் இன்னும் கூடுதல். உப்பு சாப்பிட்டால்தான் ஒழுங்காகக் குடிக்கும்.

கவனிக்க: குளியலைக் குறைக்கலாம், சூட்டைத் தணிப்பதைக் குறைக்கக் கூடாது. மூச்சு வாங்கி, உடல் கொதித்து நிற்கும் குதிரைமேல் தண்ணீர் ஊற்றுவது மருத்துவம். அந்த நேரத்தில் லிட்டர் பார்க்காதீர்கள். அந்த நிலை வராமல் இருக்க, வெயில் ஏறுவதற்கு முன் வேலையை முடியுங்கள். ஈரோட்டில் 42 டிகிரி அடிக்கும் இந்த மாதத்தில் சவாரியே வேண்டாம் என்பேன். உங்களுடையது சினைக்குதிரை வேறு.

அந்தியூர்ச் சந்தை | 26 ஏப்ரல் 2024, காலை 7:40

ஐம்பது ஆண்டாக மூச்சு அடங்கிய பிறகுதான் காட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

கால்நடை மருத்துவன் | 26 ஏப்ரல் 2024, காலை 7:44

முன்பே காட்டியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது ஐயா.

கொறங்காட்டான் | 26 ஏப்ரல் 2024, மதியம் 1:05

மருத்துவரே, தீவனத்தில் ஒரு சந்தேகம். தண்ணீர்ச் சத்துள்ளதாகக் கொடுத்தால் குடிப்பது குறையும் என்றீர்கள். எங்கள் கொறங்காட்டில், அதாவது வேலியிட்ட மேய்ச்சல் காட்டில், கொழுக்கட்டைப் புல் கட்டை தட்டிவிட்டது. கிளுவை வேலியும் வெள்வேல மரமும்தான் பச்சையாக நிற்கின்றன. பக்கத்தில் ஒருவர் கம்பு நேப்பியர்ப் புல் வெட்டித் தருவதாகச் சொல்கிறார். இன்னொருவர் வாடிய சோளப் பயிரை அப்படியே மேயவிட்டுக்கொள்ளுங்கள் என்கிறார்.

கால்நடை மருத்துவன் | 26 ஏப்ரல் 2024, மாலை 6:30

வாடிய இளஞ்சோளம் வேண்டவே வேண்டாம். தண்ணீர் இல்லாமல் குன்றி நிற்கும் சோளத்தில் சயனைடு நஞ்சு கூடும். மாடு மேய்ந்து விழுந்த கதை உங்கள் ஊரிலேயே இருக்கும்.

நேப்பியரில் ஆக்சலேட் அதிகம். உங்கள் கொழுக்கட்டைப் புல்லிலும் அப்படித்தான். மாட்டின் வயிறு அதைச் சமாளித்துவிடும். குதிரைக்கு அந்தப் புல்லே மாதக்கணக்கில் முழுத் தீவனமானால் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டு, எலும்பு வலுவிழந்து, முகம் வீங்கும். சினைக்குதிரைக்கு இன்னும் ஆபத்து. தினமும் கொஞ்சம் கொடுங்கள், மீதிக்கு நல்ல வைக்கோல், காய்ந்த சோளத்தட்டு. தட்டைப் பொடியாக நறுக்கித் தண்ணீர் தெளித்து ஊறவைத்துக் கொடுத்தால், வாளியில் குறையும் தண்ணீர் தீவனத்தின் வழியே உள்ளே போய்விடும். ஊறவைத்ததை ஆறு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், இந்த வெயிலில் புளித்துவிடும். சுண்ணாம்புச் சத்துக்கான தாது உப்பை உங்கள் ஊர் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்; குதிரையைப் பார்க்காமல் நான் அளவு சொல்ல மாட்டேன்.

கொறங்காட்டான் | 12 மே 2024, இரவு 9:20

இரண்டு வாரக் கணக்கு. போர் இன்னும் இறங்கிவிட்டது, நாளுக்கு 100 லிட்டர்தான். ஆனாலும் ஒரு டேங்கர் 14 நாள் வந்தது.

குதிரைகளுக்கு 60, அதில் ஒரு சொட்டும் குறைக்கவில்லை. வாளி கழுவவும் துடைக்கவும் 50. வீட்டுக்கு 350. தென்னங்கன்றுகளுக்குச் சலவைத் தண்ணீர். மிதவை வால்வு மாற்ற ஆன செலவைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு டேங்கர் விலையில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. சின்ன மகள் ஷவரைக் கழற்றியதற்கு இரண்டு நாள் பேசவில்லை. இப்போது வாளிக் கணக்கு நோட்டை அவள்தான் எழுதுகிறாள், அப்பா ஒரு வாளி கூடுதலாக எடுத்தாலும் சிவப்பு மையில் வட்டம் போடுகிறாள்.

காலிக்குடம் அம்மா, டிராக்டர்காரரிடம் கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார். எங்கள் ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டரில் ஒரு தோட்டத்துப் போர். இரவும் பகலும் ஓடுகிறதாம். பக்கத்துத் தோட்டக்காரர்களின் போரில் தண்ணீர் இறங்கிவிட்டதால் சண்டை வந்திருக்கிறது. வேறு டிராக்டர்காரர்களிடமும் கேட்டுப் பார்த்தேன். எல்லோருடையதும் யாரோ ஒருவரின் தோட்டத்துப் போர்தான். இதற்கு என்னிடம் பதில் இல்லை. மாதம் ஏழெட்டு டேங்கர் வாங்கியவன் இப்போது இரண்டு வாங்குகிறேன் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

காலிக்குடம் | 13 மே 2024, காலை 6:15

கேட்டீர்களே, அது போதும். பெரும்பாலானவர்கள் கேட்பதுகூட இல்லை. ஆனால் அந்த இரண்டும் ஒருவருடைய தண்ணீர்தான்.

ரிவர்சைடு ராசு | 13 மே 2024, காலை 10:40

லாயத்துக் கூரை என்ன அளவு? ஓடா, தகரமா?

கொறங்காட்டான் | 13 மே 2024, மதியம் 12:20

தகரம். நீளம் 30 அடி, அகலம் 20 அடி.

ரிவர்சைடு ராசு | 14 மே 2024, காலை 8:05

600 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 56 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 56 லிட்டர். கொங்கு நாட்டில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 33,600 லிட்டர் அந்தத் தகரத்தின்மேல் விழுகிறது. சிந்தியது சிதறியது ஐந்தில் ஒரு பங்கு போனாலும் 26,000 லிட்டருக்கு மேல் மிஞ்சும். உங்கள் இரண்டு குதிரையும் நாளுக்கு 60 லிட்டர் வீதம் ஆண்டு முழுவதும் குடிப்பது 21,900 லிட்டர்.

இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. குதிரை தன் தலைக்கு மேலே இருக்கும் கூரையிலிருந்தே குடிக்கலாம்.

மடிப்பாக்கத்து மாமி | 14 மே 2024, காலை 9:30

2003இல் மழைநீர்ச் சேகரிப்பு எல்லா வீட்டுக்கும் கட்டாயம் என்று வந்தபோது எங்கள் தெருவில் பாதிப் பேர் ஆய்வுக்காக ஒரு குழாயைச் சுவரில் ஒட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அந்தக் குழாய் எங்கேயும் போகாது. நீங்களாவது ஒழுங்காகச் செய்யுங்கள்.

அந்தியூர்ச் சந்தை | 14 மே 2024, காலை 10:10

கணக்கு நன்றாக இருக்கிறது. 600 மில்லிமீட்டரும் ஐப்பசி கார்த்திகையில் சேர்ந்து கொட்டும்போது 20,000 லிட்டரை எங்கே வைப்பார்? மடியிலா?

ரிவர்சைடு ராசு | 14 மே 2024, காலை 10:55

முழுவதையும் வைக்க வேண்டியதில்லை ஐயா. 5,000 லிட்டர்த் தொட்டி ஒன்று வைத்தால் குதிரைகளுக்கு 83 நாள் வரும். நிரம்பி வழிவதைப் போர்க்குழிக்குத் திருப்பிவிட்டால் அந்தத் தண்ணீர் நிலத்துக்குள் போகும். டிராக்டருக்கு விற்றவரின் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகாது என்பது உண்மைதான், ஆனால் உங்கள் பக்கத்து வீட்டுக்குப் போகும்.

கொறங்காட்டான் | 19 மே 2024, மாலை 7:25

வெள்ளிக்கிழமை இரவு மழை! பேய் மழை இல்லை, ஆனால் மண் நனைந்தது. கூரைத் தண்ணீரைப் பிடிக்கத் தகரக் குழாய் இன்னும் வரவில்லை. பாத்திரங்கள், டிரம், பிள்ளைகளின் பிளாஸ்டிக் தொட்டி எல்லாவற்றையும் கூரை விளிம்பில் வரிசையாக வைத்தோம். முதல் பத்து நிமிடம் வந்தது புழுதியும் பறவை எச்சமுமாக மஞ்சளாக இருந்தது, அதைக் கொட்டிவிட்டோம். பிறகு பிடித்தது 400 லிட்டர். கொசுவலைத் துணி கட்டி வைத்திருக்கிறேன். பெண்குதிரை முகர்ந்து பார்த்துவிட்டு ஒரே மூச்சில் அரை வாளி குடித்தது. போர்த் தண்ணீரை இப்படிக் குடித்ததே இல்லை.

காலிக்குடம் | 19 மே 2024, இரவு 8:40

எங்கள் ஊரிலும் பெய்தது. அந்த வரிசைப் பெண்மணியிடம் பிறகு பேசினீர்களா?

கொறங்காட்டான் | 20 மே 2024, காலை 6:50

நானாகப் போகவில்லை. அவராகவே வந்தார். லாயம் கழுவுவதை நிறுத்தியதிலிருந்து லத்தி வேலி ஓரம் குவிந்து மக்கிக்கொண்டிருக்கிறது. முருங்கைக்குப் போட இரண்டு கூடை கிடைக்குமா என்று கேட்டார். அள்ளிக் கொடுத்தேன். போகும்போது, "குதிரை இன்னும் குளிக்கிறதா?" என்றார். துடைத்துவிடுவதோடு சரி என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை, லாயத்துத் தரையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அந்தியூர்ச் சந்தை | 20 மே 2024, காலை 7:15

சும்மாவா கொடுத்தீர்கள்? எங்கள் பக்கம் கூடை இருபது ரூபாய்.